சொகாலோ சதுக்கம்: சக்ராரியோ முகப்பை 1:100 மாதிரியாக எடுப்பது எப்படி? எது அசல் பரோக், எது பின்னால் ஒட்டியது?

கோட்டோவியன்
மெக்சிகோ நகரத்துச் சொகாலோவில், பேராலயத்தின் கிழக்குப் பக்கம் ஒட்டி நிற்கும் சக்ராரியோ ஆலயத்தின் தெற்கு முகப்பை 1:100 அளவில் முப்பரிமாண அச்சில் எடுக்கத் திட்டம். சுற்றியுள்ள கட்டடங்கள் பின்னணிக்கு வெறும் பெட்டிகளாக வந்தால் போதும். மூன்று சந்தேகம். சதுக்கத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் ஒரே சிவப்பும் வெள்ளையுமாகத் தெரிகிறதே, இதில் எதெல்லாம் நிஜமாகவே 18-ஆம் நூற்றாண்டு? தலைகீழாக நிற்பது போன்ற அந்தத் தூணை எந்த வரிசையில் வரைவது? படங்களை இணைத்துப் பார்த்தால் முகப்பின் இரு விளிம்பும் வெளிப்பக்கம் சாய்கின்றன. லென்ஸ் கோளாறா, கட்டடமே அப்படியா?

ஏட்டுப்பூச்சி
முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. சதுக்கம் ஒரு பக்கம் சுமார் 240 மீட்டர்.

கிழக்கே தேசிய மாளிகை. மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்டெஸின் வீடாக இருந்ததை ஸ்பானிய அரசு 1562-ல் வாங்கியது. 1692 ஜூன் 8 கலவரத்தில் பெரும்பகுதி எரிந்துபோய், தியேகோ வல்வெர்தே என்ற துறவியின் பொறுப்பில் திரும்பக் கட்டினார்கள். நீங்கள் இன்று பார்க்கும் மூன்று மாடியில் மேல் மாடி 1920-களில் ஏற்றியது. கட்டடக் கலைஞர் பெட்ரிச்சோலி. சிவப்புக் கல் போர்வையும் அந்த வேலையில் வந்ததுதான். 200 மீட்டருக்கு மேல் நீளும் அந்த முகப்பைப் பார்த்து "அசல் வைஸ்ராய் காலம்" என்பவர்கள் பாதிதான் சரி.

தெற்கே இரண்டு நகராட்சிக் கட்டடங்கள் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். மேற்கிலிருப்பது பழையது. அதுவும் 1692-ல் எரிந்து திரும்ப எழுந்தது, பின்னாளில் இன்னொரு முறை முகம் மாறியது. கிழக்கிலிருப்பது 1940-களில் அண்ணனைப் பார்த்துக் கட்டிய தம்பி. மாதிரியில் 18-ஆம் நூற்றாண்டுச் சதுக்கம் வேண்டுமானால் தம்பியைத் தூக்கிவிடுங்கள், மாளிகையின் மேல் மாடியையும் சேர்த்து. ஆனால் நடுவில் பரியான் சந்தையை வைக்க வேண்டிவரும். 1843 வரை அது அங்கே இருந்தது. அதே ஆண்டு அதிபர் சாந்தா அன்னா ஒரு விடுதலைத் தூண் எழுப்பத் தொடங்கி, பீடத்தோடு நின்றுபோனது. பீடத்துக்கு ஸ்பானியத்தில் சொகாலோ. சதுக்கத்தின் பெயரே ஒரு முடியாத வேலையின் அடிக்கல்.

மேற்கே வணிகர் தாழ்வாரம். பெட்டி போதும்.

மட்டக்கோல்
பேராலயத்தை விட்டுவிட்டீர்களே. எல்லாப் பயண நூலிலும் "பரோக் பேராலயம்" என்றுதானே போட்டிருக்கிறது?

ஏட்டுப்பூச்சி
அந்தச் சொல்லால்தான் குழப்பமே. 1573-ல் அடிக்கல், 1813-ல் முடிவு. இடைப்பட்ட 240 ஆண்டின் ருசிகள் எல்லாம் அடுக்கடுக்காக அதில் உண்டு. கிளாவ்தியோ தெ அர்சினியேகா போட்ட அடிப்படை வரைவு மறுமலர்ச்சிக் காலத்தது. வடக்கு வாசல் ஸ்பானியக் கலைஞர் எர்ரேராவின் வறண்ட பாணி, ஓர் இலை கூட அதிகம் கிடையாது. சதுக்கம் பார்த்த தெற்கு வாசல்களில் பரோக், அதாவது அலங்காரம் மிகுந்த பாணி, வருகிறது. அந்த வாசல்களின் மேலடுக்கில் முறுக்குத் தூண்கள் இருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள். மணி வடிவ மகுடத்தோடு நிற்கும் கோபுரங்கள் கட்டடக் கலைஞர் ஒர்த்திஸ் தெ காஸ்த்ரோவின் கை. கடிகாரமும் அதைச் சுற்றிய நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு சிலைகளும் குவிமாடத்தின் இறுதி வடிவமும் அவருக்குப் பின் வந்த மனுவேல் தோல்சாவின் வேலை. அது முழுக்க நியோகிளாசிக், பழைய கிரேக்க ரோமானிய வடிவைப் பின்பற்றும் பாணி.

படம் சேகரிக்கும்போது இரண்டு இடத்தில் கவனம். எதிர்நோக்குச் சிலை 2017 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தில் கீழே விழுந்து உடைந்தது. 1885-க்கு முந்தைய படமென்றால் மேற்குக் கோபுரத்தின் அடியில், ஸ்பானியருக்கு முன் இங்கே ஆண்ட அஸ்தெக் மக்களின் சூரியக் கல் சாத்தியிருக்கும். படத்தின் தேதியைப் பார்க்காமல் எடுத்து ஒட்டினால் இரண்டு காலம் ஒரே மாதிரியில் வந்துவிடும்.

கல்லுளி
இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தூணின் பெயர் எஸ்டிபிடே. கீழே ஒடுங்கி மேலே விரியும் தலைகீழ்க் கூம்புச் சட்டம். அதைக் கல்லில் பிறந்ததாக எண்ணி வரைந்தால் தப்பாகத்தான் வரும். அது மரவேலையில் பிறந்தது. ஹெரோனிமோ தெ பல்பாஸ் செவில்யாவிலிருந்து வந்து இதே பேராலயத்தின் பின்கோடியில் அரசர்கள் பீடத்தை 1718 முதல் 1737 வரை மரத்தில் செதுக்கிப் பொன் பூசி நிறுத்தினார். மெக்சிகோவில் எஸ்டிபிடே காலூன்றியது அங்கேதான். 1749-ல் லொரென்சோ ரொட்ரிகஸ் சக்ராரியோவைத் தொடங்கியபோது உள்ளே இருந்த பீடத்தை வெளியே எடுத்துக் கல்லாக்கி நிறுத்திவிட்டார். 1768-ல் வேலை முடிந்தது. ஆக அந்த முகப்பு ஒரு சுவரே அல்ல, வெயிலில் நிற்கும் பலிபீடத் திரை.

வரையும் வரிசை இதுதான். முதலில் நடு அச்சு. அச்சைப் போடாமல் விளிம்பைத் தொட்டால் இரண்டு பக்கமும் ஒத்துவராது. அடுத்து பீடமும் அதன் மேல் அடிவளையமும். அப்புறம் தலைகீழ்க் கூம்பு. இது நாலு முகப் பிரமிடு, உருளை அல்ல. புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் வட்டக் கூம்பாகப் போட்டுவிடுகிறார்கள், நிழல் விழும்போது மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிடும். கூம்பு முடியும் இடத்தில் ஒரு கழுத்து, அதற்கு மேல் கனசதுரக் கட்டை. கட்டையின் முகத்தில் பதக்க வடிவச் செதுக்கல் வரும். மறுபடி ஒரு கழுத்து. கடைசியில் கொரிந்திய இலைப் போதிகை. இந்த விரிவு, கழுத்து, கட்டை, கழுத்து என்ற ஓட்டம்தான் எஸ்டிபிடேயின் உயிர். கூம்பைச் சரியாகப் போட்டுக் கழுத்தைத் தடிமனாக விட்டால் தூண் சுவாசிக்காது.

இரண்டு எஸ்டிபிடேக்கு நடுவில் வெற்றுச் சுவர் என்று நினைக்காதீர்கள். அங்கே இன்னொரு குட்டித் தூண் போல மாடங்களும் உருவங்களும் பதக்கங்களும் அடுக்கி நிற்கும். அதற்கு இன்டெர்எஸ்டிபிடே என்று பெயர். சக்ராரியோவில் அதுதான் பாதி வேலை. இரண்டு அடுக்கு, மேலே ஒரு மகுடம். கீழ் அடுக்கின் அச்சும் மேல் அடுக்கின் அச்சும் ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறதா என்பதை முதலில் சரிபார்த்துக்கொண்டு அப்புறம் அலங்காரத்துக்குப் போங்கள்.

மட்டக்கோல்
இந்தப் பாணிக்குப் புத்தகங்களில் வரும் பெயரைப் போட்டு, சுரிகெரெஸ்க் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாமே.

கல்லுளி
முடியாது. ஸ்பெயினில் கட்டடக் கலைஞர் ஹொசே பெனிதோ தெ சுரிகேரா பெயர் வாங்கியது முறுக்குத் தூணில். எஸ்டிபிடே அவருடைய அடையாளம் அல்ல. பின்னாள் நியோகிளாசிக் ஆட்கள் தங்களுக்குப் பிடிக்காத எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை வசையாக ஒட்டினார்கள், அது நிலைத்துவிட்டது. மெக்சிகோவில் முறுக்குத் தூண் பரோக், எஸ்டிபிடே பரோக் என்று தூணை வைத்தே பிரித்துப் பேசினால் காலமும் தானாகப் புரியும். முதலாவது 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, இரண்டாவது 18-ன் நடுவில் உச்சம்.

ஏட்டுப்பூச்சி
ஒரு சொட்டு சேர்க்கிறேன். நியோகிளாசிக் கற்பித்த கலைப் பள்ளியான சான் கார்லோஸ் அகாதமி 1780-களில் வந்தபின் பொன் பீடங்கள் பலவற்றைக் கழற்றி எரித்துவிட்டார்கள். சக்ராரியோவுக்குள் போனால் ஏமாற்றமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.  இன்றுள்ள முதன்மைப் பீடம் பெத்ரோ பதினியோ இஸ்தோலின்கே என்ற பூர்வகுடிச் சிற்பியின் 1829 வேலை, நியோகிளாசிக். வெளியே நுரை பொங்குகிறது, உள்ளே தெளிந்த மோர்.

சாந்துக்குழி
கல்லைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மாதிரியில் நிறம் பூசுவதற்கும் இது வேண்டும்.

சிவப்பு டெசோன்ட்லே, எரிமலை கக்கிய நுரைக்கல். ஒயின் சிவப்பிலிருந்து கிட்டத்தட்டக் கருப்பு வரை வரும். குமிழி நிறைந்ததால் எடை குறைவு, சாந்து நன்றாகக் கடித்துக்கொள்ளும். அதே குமிழியால் நுணுக்கமாகச் செதுக்க முடியாது, உளி வைத்தால் பொடிந்துபோகும். அதனால் சமதளப் போர்வைக்கு மட்டும். வெளிர் சாம்பல் சிலூகா, அடர்த்தியான ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறை வகை. கூர் நிற்கும். எஸ்டிபிடே, வாசல் சட்டம், ஓரப் பட்டை எல்லாம் அதில்தான். அந்தக் காலக் கட்டடங்களில் மண்ணைத் தொடும் அடிப்பட்டைக்கு ரெசின்டோ என்னும் கருங்கல் போடுவது வழக்கம், ஈரம் ஏறாமலிருக்க. சிவப்பு வெள்ளைக் கூட்டணி அழகுக்காக மட்டும் வந்ததல்ல. சேற்றுத் தரையில் எடை குறைக்க ஒரு கல், செதுக்க ஒரு கல்.

சக்ராரியோவின் திட்டம் சம கைகள் கொண்ட சிலுவை, நாலு மூலையிலும் தாழ்வான அறைகள். இரண்டு முகப்பும் நடுவில் உயர்ந்து, பக்கத்து டெசோன்ட்லே சுவர் படிப்படியாக வளைந்து மூலைக்கு இறங்குவது அதனால்தான். அந்த இறங்கும் விளிம்பின் சிலூகாப் பட்டையை விட்டுவிட்டால் முகப்பு ஒட்டிவைத்த ஸ்டிக்கர் மாதிரி இருக்கும்.

கோட்டோவியன்
அருமை. மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. லென்ஸ் திருத்தம் செய்தும் சாய்வு போகவில்லை. இடது விளிம்பு ஒரு பக்கம், வலது விளிம்பு மறுபக்கம்.

தூக்குக்குண்டு
போகாது. கட்டடம்தான் சாய்ந்திருக்கிறது, திருத்தத்தை நிறுத்துங்கள்.

தரையின் கதை இது. அடியில் பழைய ஏரியின் களிமண். அதன் எடையில் திண்மத்தைவிட நீர் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் அடுக்குகள் உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் நகரம் ஆழ்கிணறு போட்டு நீரை உறிஞ்ச உறிஞ்ச, களிமண் பிழிந்த பஞ்சு போலச் சுருங்கியது. பழைய நகரப் பகுதி சுமார் 10 மீட்டர் இறங்கியிருக்கிறது. எல்லா இடமும் ஒரே அளவு இறங்கினால் யாருக்கும் தெரியாது. அஸ்தெக் கோயில்களின் எச்சம் இருந்த இடங்களில் களிமண் அந்தப் பாரத்தால் முன்பே இறுகிவிட்டது, அங்கே இறக்கம் மெதுவாகும். மற்ற இடம் வேகமாகும். சக்ராரியோவின் அடியில் ஒரு பிரமிடின் எச்சம் இருக்கிறது. நடு தாங்கிக்கொள்கிறது, ஓரம் தணிகிறது, கட்டடம் முதுகு வளைத்து இரண்டு பக்கமும் வெளியே விரிகிறது. உங்கள் படத்தில் வருவது அதுதான்.

பேராலயத்தில் நிலைமை வேறு. அங்கே ஒரே திசைச் சாய்வு. 1989-ல் பெருமழைக்குப் பிறகு விரிசல்கள் பயமுறுத்தியபோது அளந்து பார்த்தால், பின்கோடிப் பீடத்துக்கும் மேற்குக் கோபுரத்துக்கும் இறக்க வித்தியாசம் 2.4 மீட்டர். கட்டியவர்களுக்கும் இது தெரியும். கட்டும்போதே தரை இறங்குவதைப் பார்த்து, வில்வளைவு தொடங்கும் மட்டம் ஒன்றாக இருக்கத் தூண்களின் உயரத்தைக் கூட்டிக் குறைத்திருக்கிறார்கள். அளவு எடுப்பவர் ஒரு தூணை அளந்து எல்லாவற்றுக்கும் அதையே போட்டால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மாதிரிக்கு இரண்டு வழி. கட்டியபோது எப்படி இருந்ததோ அப்படி வேண்டுமானால், ஒவ்வோர் எஸ்டிபிடேக்கும் அதன் சொந்த அச்சை எடுத்து நேராக்கி, பிறகு ஒன்று சேருங்கள். முழு முகப்பையும் ஒரே சுழற்சியில் நேராக்கப் பார்த்தால் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் இரட்டிப்பாகச் சாயும். இன்றைய நிலை வேண்டுமானால் புவியீர்ப்புக் கோட்டை அடிப்படையாக எடுங்கள். கட்டடத்தின் செங்குத்தைக் கணினி தானாகக் கண்டுபிடிக்க விடாதீர்கள், அது சாய்ந்த விளிம்பையே செங்குத்து என்று எடுத்துக்கொள்ளும். ட்ரோன் நினைப்பையும் விட்டுவிடுங்கள், பக்கத்திலேயே தேசிய மாளிகை.

மட்டக்கோல்
இறங்கிய பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கலாமே? ஏன் இவ்வளவு ஆண்டு?

தூக்குக்குண்டு
தூக்குவதற்கு உறுதியான பிடிமானம் வேண்டும். சாந்தும் துண்டுக்கல்லும் சேர்ந்த பிரம்மாண்டத் திட்டின் மேல் கட்டடம், திட்டுக்கு அடியில் 3, 4 மீட்டர் மரக்குச்சிகள், அதற்கடியில் களி. எங்கே ஜாக்கி வைப்பது? தலைகீழாக யோசித்தார்கள்: தாழ்ந்ததை உயர்த்தாதே, உயர்ந்து நிற்பதைத் தாழ்த்து.

1993 ஆகஸ்டு முதல் 1998 வரை நடந்தது. முதலில் உள்ளே வளைவுகளுக்குக் கீழே இரும்பு முட்டு, தூண்களுக்குச் சுற்றுக்கட்டு. பிறகு பேராலயம், சக்ராரியோ இரண்டுக்கும் அடியில் கிணறு போல 30-க்கு மேற்பட்ட குழிகள், 14 முதல் 25 மீட்டர் ஆழம். குழியின் சுவரிலிருந்து நாலா பக்கமும் 10 செ.மீ. விட்டக் குழாயைக் களிமண்ணுக்குள் தள்ளி, குழாயளவு மண்ணை உருவினார்கள். துளை அப்படியே நிற்காது, மேல் பாரத்தில் மெல்ல நசுங்கி மூடும், தரை அந்த அளவு தணியும். மறுபடி அதே இடத்தில் குழாய். எங்கே எவ்வளவு எடுப்பது என்பதை ஒவ்வொரு சுற்றிலும் மட்ட அளவு பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். வேகமாக எடுத்தால் வளைவுகள் பிளக்கும், மெதுவாக எடுத்தால் நகர இறக்கம் உங்களை முந்திவிடும். மொத்தம் எடுத்தது சுமார் 4,200 கன மீட்டர். வித்தியாசத்தில் ஏறத்தாழ 90 செ.மீ. குறைந்தது. பூச்சியமாக்குவது நோக்கமே அல்ல, விரிசல்கள் மூடும் அளவுக்குத் திரும்பினால் போதும்.

அத்தோடு விட்டால் பழைய கதை தொடங்கும். அதனால் வேகமாக இறங்கும் பகுதியின் களிமண்ணுக்குள் சாந்தை அழுத்திச் செலுத்தி இறுக வைத்தார்கள். குவிமாடத்திலிருந்து தொங்கும் பெரிய தூக்குக்குண்டும் தரையில் அதன் நகர்வுத் தடமும் இன்றும் உள்ளே இருக்கின்றன. பைசா கோபுரத்தில் மண் உருவியது இதற்குப் பிறகுதான்.

ஏட்டுப்பூச்சி
இத்தனை குழி தோண்டியதில் பழைய கோயில்களின் எச்சங்களும் வெளிப்பட்டன. சதுக்கத்தைச் சமன்செய்த 1790-லேயே அங்கிருந்து கோஅட்லிக்குவே என்ற அஸ்தெக் பெண் தெய்வத்தின் சிலையும் சூரியக் கல்லும் வந்தவைதான். தோண்டினால் வந்துகொண்டே இருக்கும் இடம்.

பொழுதுகணக்கு
நிழல் தெரியும் படம் வேண்டுமே, அதற்கு ஒரு வார்த்தை. நகரம் 19.4 பாகை வட அட்சத்தில். மே 17 வாக்கில் ஒருமுறை, ஜூலை 26 வாக்கில் ஒருமுறை நண்பகல் சூரியன் நேர் உச்சியில். இடைப்பட்ட வாரங்களில் நண்பகல் சூரியன் வடக்கே போய்விடும், தெற்கு முகப்பு தன் நிழலிலேயே தட்டையாகக் கிடக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எடுத்த படங்களைத் தேடுங்கள். வெயில் சாய்வாக விழுந்து கூம்பின் முகங்கள் தனித்தனியாகப் பிரியும். சக்ராரியோவின் கிழக்கு முகப்புக்குக் காலை வெயில் மட்டும். அளவு எடுக்க நேர்மாறு: மேகமூட்டப் படமே நல்லது, கடுநிழல் இருந்தால் மென்பொருள் நிழல் விளிம்பைக் கல் விளிம்பாக எண்ணிக்கொள்ளும்.

கல்லுளி
அச்சுக்கு வருவோம். 1:100-ல் பிளாஸ்டிக் இழை உருக்கும் அச்சுப்பொறியின் 0.4 மி.மீ. நாசில் (முனைத் துளை) என்றால் நிஜத்தில் 4 செ.மீ. இலையும் பதக்கமும் போய்விடும். ரெசின் அச்சு 0.05 மி.மீ. புள்ளி, அதாவது 5 மில்லிமீட்டர். அதில் எடுங்கள். அப்போதும் ஆழமில்லாத செதுக்கல் மறைந்துபோகும். புடைப்பை ஒன்றரை மடங்கு கூட்டினால் கண்ணுக்குச் சரியாக இருக்கும், தூணின் அகலத்தை மட்டும் தொடாதீர்கள். முகப்பை நிறுத்தி அடிக்க வேண்டாம். போதிகை இலைகளின் அடிப்புறம், மாடங்களின் மேல்விளிம்பு எல்லாவற்றுக்கும் முட்டு கேட்கும், அந்த முட்டுகளை உடைக்கும்போது சிலைகளின் மூக்கும் கையும் போகும். முதுகு கீழே இருக்கும்படி சற்றுச் சாய்த்துக் கிடத்துங்கள், முட்டுத் தழும்பு பின்பக்கம் போய்விடும்.

சாந்துக்குழி
படங்களில் சில இணைப்புகள் பளிச்சென்று கருஞ்சாம்பலாகத் தெரிந்தால் அது 18-ஆம் நூற்றாண்டு என்று எண்ணி மாதிரியில் செதுக்கிவிடாதீர்கள். பழைய கட்டடங்களில் அது பெரும்பாலும் சிமெண்ட் ஒட்டு. கல்லைவிட அது கெட்டி. ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல்லின் முகம் வழியே வருகிறது, கூடவே உப்பு. உப்பு உள்ளே படிகமாகிக் கல் தோலைத் தள்ளிவிடும். ஒட்டு நிற்கும், கல் உதிரும்.

முறையான வேலை சுண்ணாம்புதான். ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, மணலில் கொஞ்சத்துக்குப் பதில் டெசோன்ட்லேத் தூள். அந்தத் தூள் சுண்ணாம்போடு வேதியியலாகச் சேர்ந்து ஈரத்திலும் இறுகும். இணைப்பின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்குப் பழையதைக் கையுளியால் சுரண்டி, நனைத்து, அடைத்து, பல நாள் ஈரத்துணி போர்த்த வேண்டும். வெயிலில் விட்டால் மாவாகும். மெல்லிய பூச்சுக்குச் சப்பாத்திக்கள்ளி மடலை நறுக்கி ஒரு ராத்திரி ஊறவைத்த வழவழப்பு நீரைச் சேர்ப்பது அந்த நாட்டு வழக்கம், பூச்சு பொடிந்து உதிராது. கூடிப்போனால் இறுகவே தாமதிக்கும். சிலூகாவின் மேல் மழை படாத இடுக்குகளில் தெரியும் கருப்புப் பொருக்கு புகையும் ஜிப்சமும். மணல் பீச்சினால் பொருக்கோடு உளித் தடமும் போகும். உங்கள் மாதிரியில் அந்தக் கருப்பைப் போதிகைக்கு அடியிலும் மாடத்துக்குள்ளும் மட்டும் லேசாகத் தடவினால் கல் மாதிரியே இருக்கும்.

மட்டக்கோல்
பின்னணிக்குக் கேட்கிறேன், பேராலயத்துக்குள்ளே செம்பு நிறத்தில் மின்னும் பாடகர் குழுச் சட்டகம் மெக்சிகோ வார்ப்பா?

ஏட்டுப்பூச்சி
இல்லை, மக்காவோவில் செய்து மணிலா வழியாகக் கப்பலேறியது. 1730-ல் பொருத்தினார்கள். தும்பாகா, கலாயின் என்ற இரண்டு கலப்பு உலோகம். கலாயின் என்ற சொல்லுக்கும் நம் பாத்திரக்காரர் பூசும் கலாய்க்கும் மூலம் ஒரே அரபுச் சொல். முகப்பு மாதிரிக்கு அது தேவைப்படாது.

கோட்டோவியன்
சரி, முடிவு: கட்டிய காலத்து நிலை, 1768. ஒவ்வோர் எஸ்டிபிடேக்கும் தனி அச்சு, ரெசின், புடைப்பு ஒன்றரை மடங்கு. மாளிகை இரண்டு மாடி, தென்கிழக்குத் தம்பி கிடையாது, நடுவில் பரியான். பேராலயத்துக்கு என்ன செய்வது? 1768-ல் கோபுரங்கள் முடியவில்லையே.

ஏட்டுப்பூச்சி
மணி மகுடம் 1780-களின் கடைசியில்தான் தொடங்குகிறது. கோபுரங்களை அரைகுறையாக வெட்டி நிறுத்துங்கள். கடிகாரமும் மூன்று சிலைகளும் வேண்டாம். அவசரமாகச் சுத்தமான குவிமாடத்தையும் வைத்துவிடாதீர்கள், தோல்சா தொடுவதற்கு முந்தைய உருவம் பழைய ஓவியங்களில் கிடைக்கும்.